விழுங்கிய பெயர்

பெலிசா பிசாயாக்காரியாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மலையை விட்டு இறங்க வேண்டும், பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், வெற்றிலைக் கறையைப் பல்லிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும், பூர்வீகம் எது என்று கேட்டால் கடலுக்கு அப்பால் செபுத் தீவு என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வந்து குடியேறிய பிசாயாக்காரர்களில் பாதிப் பேருக்குச் செபுவில் தங்கள் ஊர் எது என்றே தெரியாது. அதனால் யாரும் துருவிக் கேட்பதில்லை. காதுதான் தொல்லை. சின்ன வயதில் மரத்தில் செய்த தோடு போடுவதற்காகக் குத்திப் பெரிதாக்கிய துளை, மூடுவேனா என்றது. அடுப்படி வெக்கையிலும் அவள் முடியைக் காதின்மேல் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்தாள்.

இதில் அவளை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் முடியாது. கடைத்தெருவில் 'நெத்திபோ' என்று ஒருவனைச் சொல்லும்போது, சொல்பவன் மூக்கு தானாகச் சுருங்கும். நாட்டான், காட்டான், குளிக்காதவன், ஏமாளி எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். அந்தச் சொல்லிலிருந்து தப்பித்தால் போதும் என்று ஓடி வந்தவள் அவள். ஓடி வரும்போது எதை விட்டுவிட்டு வந்தாள் என்பதுதான் கதை.

அந்த மே மாதம், மணிலாவில் ஆட்சி கவிழ்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூட்டம் போடத் தொடங்கியிருந்தார்கள். ஜூனில் மலைச்சாதியார் எல்லாரும் சேர்ந்து பெரிய மாநாடு நடத்தப்போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆற்றங்கரை டத்துக்கள், அதாவது தலைவர்கள், கலந்து பேச, மாதா கோயில் கூடத்தில் ஒரு நாள் கூட்டம். நடத்துகிறவன் கிரிசந்தோ. பிசாயாக்காரன், முப்பது வயது, நல்லவன். மலைக்காரர்களுக்காக ராணுவத்திடம் அடி வாங்கியவன். ஜூலையில் பெலிசாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். தன் பெண்டாட்டியாகப் போகிறவள் மலைக்காரி என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அன்று சமையல் அவன் அம்மா சேபா. குறிப்பெடுப்பது, பெயர் வாசிப்பது எல்லாம் பெலிசா.

மலையில் ஒருவர் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது மரியாதை இல்லை. கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். இது கிரிசந்தோவுக்குத் தெரியும், தெரியும் என்ற பெருமையும் உண்டு. அதனால் வாசலிலேயே துணைக்கு வந்தவர்களிடம் கேட்டு எழுதி வாங்கி, பட்டியலை அவளிடம் கொடுத்துவிட்டான். இருபத்திரண்டு பெயர். அவள் ஒவ்வொன்றாக ஆற்றின் பெயரோடு வாசித்தாள். வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து தலையசைத்துச் சாப்பாட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பதினேழாவது வரியில் 'மலிபாங் ஓடை' என்று இருந்தது. ஓடையை வாசித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெயரைக் கண் பார்த்தது. டத்து சவாத்தன். வாய் அடைத்துக்கொண்டது.

எங்கள் மனோபோ சாதி வீட்டுப் பெண் எதை வேண்டுமானாலும் சொல்வாள், மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் வயிறு வீங்கும் என்பார்கள். வயிறு வீங்குகிறதோ இல்லையோ, சொன்ன அந்த நிமிடமே உறவு அறுந்துபோகும். மாமனாரும் மருமகள் பெயரைச் சொல்லமாட்டார். இது கிரிசந்தோவுக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, மூச்சு விடுவதைப்போலச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அவள் எச்சிலை விழுங்கினாள். பிறகு பதினெட்டாவது பெயருக்குப் போய்விட்டாள்.

கடைசி பெஞ்சில் மெலிந்த கிழவர் ஒருவர் பாதி எழுந்து, அப்படியே மறுபடி உட்கார்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். தலைப்பாகை வெளுத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மற்றபடி அதே ஆள்தான். என்னை ஏன் விட்டாய் என்று அவர் கேட்கவில்லை. முன் பெஞ்சிலிருந்த லுகோய் என்ற புலாங்கி ஆற்று மனோபோ, வாய் சும்மா இருக்காத ஆள், மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை ஒருமுறையும் பின்னால் திரும்பிக் கிழவரை ஒருமுறையும் பார்த்தான். அவளுக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

கிரிசந்தோ கேட்டதற்கு, ஒரு வரியில் மை அழிந்துபோயிருக்கிறது, பிறகு பார்க்கிறேன் என்றாள்.

பதினேழு வயதில் அவள் மலிபாங் ஓடைக்கு மருமகளாகப் போனாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் என்று டத்து அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். மூன்று வருடத்தில் புருஷன் மலைக்காய்ச்சலில் போனான். வழக்கப்படி மைத்துனன் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும். மைத்துனனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். வேண்டாம் என்று அவள் டத்துவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். சொல்லவில்லை. உப்பு வாங்கப் போகிறேன் என்று, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையை மாமனாரிடம் விட்டுவிட்டு இறங்கியவள், திரும்பவே இல்லை. அந்தக் குழந்தை இருக்கிறதா இல்லையா என்றுகூட ஐந்து வருடமாக அவளுக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? கேட்பதற்கே ஒரு முகம் வேண்டுமே.

இப்போது, தெரிந்த ஒரே மனிதர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் சோறும் கருவாடும், முருங்கைக்கீரை போட்ட பயறும். சீட்டு வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பெயர் வாசிக்கப்படாததால் டத்துவிடம் சீட்டு இல்லை. அவர் வரிசைக்கே வராமல் வெளியே பலாமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சமையல்கட்டில் சேபா, பெலிசாவின் தோளில் கைபோட்டு, "மருமகளே, இவங்க தின்ன தட்டையெல்லாம் வெந்நீர்ல போட்டு எடு. வெத்தலை எச்சில், என்னென்னத்துக்கு வாய் வச்சாங்களோ," என்றாள்.

பெலிசா சிரித்தாள். இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் சிரிப்பவள் அவள்தான். ஐந்து வருடத்தில் அது பழகிப்போயிருந்தது. அன்று சிரித்து முடித்ததும் தன் பல்லே தனக்குக் கூசியது.

ஒரு கிழவர் வெளியே பட்டினி கிடக்கிறார், கோயில் கூட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பலாமரத்தடியில் தட்டை வைத்துவிட்டு நிமிராமல் நின்றாள். டத்து தட்டைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுப்பவர்போல மனோபோ பாஷையில் பேசினார். தூரத்திலிருந்து யார் பார்த்தாலும் கிழம் பாக்கோடு பேசுகிறது என்றுதான் நினைப்பார்கள். அவளுக்காகவே அப்படிப் பேசினார் என்று அவளுக்குப் புரிந்தது.

"குழந்தைக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு," என்றார். "சிரிச்சா ஓட்டை. வாய் மட்டும் ஓயாது. கோழிக்குக்கூடப் பேர் வச்சுக் கூப்பிடறா."

பெலிசா மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ செத்துட்டேன்னாங்க ஊர்ல. நான் நம்பலை. லாரிக்காரன் எவனோ கூட்டிட்டுப் போயிட்டான்னாங்க, அதையும் நம்பலை. இன்னிக்குக் காலையில நீ என் பேரை விழுங்கினே பாரு அம்மாடி, எனக்கு அது போதும். மருமக இருக்கா." பாக்கை வெட்டினார். "நீ இங்க எப்படி இருக்கியோ அப்படியே இரு. நான் காட்டிக் கொடுக்கமாட்டேன். போ, ஆளுங்க பார்க்கறாங்க."

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனோபோவில் ஒரே ஒரு வார்த்தை. சமையல்கட்டு ஜன்னலில் சேபாவின் தலை தெரிந்தது. அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

பிற்பகலில்தான் முக்கியமான பேச்சு. நம் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். மனோபோ, பகோபோ, பிலான், தெதுராய், மத்திக்சலுக் என்று ஆளுக்கொரு பெயர் இருக்கிறது, எல்லாரையும் சேர்த்துச் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. தெருவில் நெத்திபோ. அரசாங்கத் தாளில் 'முஸ்லிம் அல்லாதவர், கிறிஸ்தவர் அல்லாதவர்'. இதைக் கேட்டதும் ஒரு பகோபோக்காரர், தன்னைப் பெற்றபோது தன் அம்மா 'இது பன்றி அல்லாதது, ஆடு அல்லாதது' என்று பெயர் வைக்கவில்லை என்றார். கூடமே சிரித்தது.

மூன்று நான்கு வருடமாகவே ஒரு சொல் அங்கங்கே அடிபட்டுக்கொண்டிருந்தது. கிரிசந்தோ அதைப் பலகையில் எழுதினான். லுமாட். பிசாயாச் சொல்தான். எங்கிருந்தோ வந்து சேராமல், இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே இருப்பவர் என்று அர்த்தம்.

பிலான் கிழவர் ஒருவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நெலத்தைப் புடுங்கினதும் பிசாயாக்காரன். இப்ப பேரும் அவன் பாஷையிலயா? வெட்கமா இல்ல?"

"பெரியவரே," என்றான் லுகோய், "இப்ப எங்களைத் திட்டினீங்களே, அது எந்தப் பாஷையில?"

கிழவர் திட்டியது பிசாயாவில்தான். வேறு எதில் திட்டியிருந்தாலும் அவர் பக்கத்து பெஞ்சுக்கே புரிந்திருக்காது. கிழவரே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் லுகோய் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நம்ம பாஷையில சொன்னா நமக்குத்தான் புரியும். அவன் பாஷையில சொன்னாத்தான் அவனுக்கு உறைக்கும். நாங்க இங்க பொறந்தவங்க, நீ வந்தவன்னு. கூசாம சொல்லணும், அவ்வளவுதான்."

கூசாமல் சொல்ல வேண்டும். பெலிசா அதையும் குறிப்பில் எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து காது வரை சூடேறியது. இருபத்திரண்டு பேர், கால்நடையாக வந்தவர்கள், இந்த மண்ணில் பிறந்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சொல்லைத் தேடுகிறார்கள். அந்தச் சொல்லின் அர்த்தத்தை முத்து முத்தாகத் தாளில் எழுதுகிறவள், மண்ணும் வேண்டாம் பிள்ளையும் வேண்டாம் என்று ஓடியவள். அந்தக் கூடத்தில் அவ்வளவு கேவலமாகத் தன்னைப்போல் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சரியாகத்தான் தோன்றியது.

சம்மதம் கேட்கும் நேரம் வந்தது. ஒவ்வொரு ஆற்றையும் தலைவர் பெயரையும் வாசிக்க வேண்டும், அவர் எழுந்து தன் ஆற்றின் முடிவைச் சொல்ல வேண்டும். பெயர் வாசிக்கப்படாத ஆற்றுக்கு வாக்கு கிடையாது, ஜூன் மாநாட்டில் இடமும் கிடையாது. கிரிசந்தோ வாசலில் எழுதிய பட்டியலைப் பார்த்துத் தானே தெளிவாகப் பிரதி எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"காலையில ஒருத்தரை விட்டுட்டோம் பெலி. பாவம், சாப்பாடுகூட உன் புண்ணியத்துலதான். இப்ப யாரும் விட்டுப்போகக் கூடாது."

"மை ஒண்ணும் அழிஞ்சிருக்காது," என்றான் லுகோய், எல்லாருக்கும் கேட்கும்படி. "மேடத்துக்கு இந்தக் கூடத்துல யாரோ மாமனார் இருக்காரு போல."

மனோபோ பெஞ்சுகள் சிரிப்பில் குலுங்கின. மற்றவர்கள் விளங்காமல் பார்த்தார்கள். காப்பித் தட்டோடு வாசலில் வந்து நின்ற சேபாவுக்கு அது விளையாட்டாகப் பட்டது. "இவளுக்கு மாமனார்னா என் புருஷன்தான்பா. அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சு," என்றாள். அவளும் சிரித்தாள், கிரிசந்தோவும் சிரித்தான்.

பெலிசா வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். சம்மதம், சம்மதம். பதினாறு ஆனது. இந்தத் தடவை விழுங்கினால் மலிபாங் ஓடைக்கு வாக்கு போய்விடும், கிரிசந்தோ ஏன் என்று கேட்பான், லுகோய் சொல்லிவிடுவான். 'இவர் என் புருஷனின் தகப்பனார்' என்று சொன்னால் ஓடைக்கு வாக்கு கிடைக்கும். பிசாயாக்காரி அந்த இடத்திலேயே செத்துவிடுவாள். மூன்றாவது வழி ஒன்று இருந்தது. பிசாயாக்காரிக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை.

லுகோய் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். டத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலிபாங் ஓடை," என்று வாசித்தாள். "டத்து சவாத்தன்."

உரக்க, திருத்தமாக, கூசாமல் சொன்னாள்.

லுகோய் வாயை மூடிக்கொண்டான். தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. டத்து தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மலிபாங் ஓடைக்குச் சம்மதம்," என்று பிசாயாவில் சொன்னார். "நாங்க லுமாட்."

மீதிப் பெயர்களை அவள் எப்படி வாசித்து முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாக்கு கிடைத்துவிட்டதே, அதற்காகத்தானே சொன்னேன் என்று ஒரு சமாதானம் மனதில் எழுந்தது. அந்தச் சமாதானத்தை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டத்து அவள் மேசைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"மேடம்," என்றார் பிசாயாவில், "இதைக் கொஞ்சம் நிரப்பித் தருவீங்களா? பேத்தியைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். எனக்கு எழுத்து தெரியாது."

மத்தியானம் அம்மாடி என்றவர். குரலில் கோபம் துளிகூட இல்லை, ஊர் பேர் தெரியாத உத்தியோகக்காரியிடம் பேசும் பணிவுதான் இருந்தது. அவர் காறித் துப்பியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

பேனாவைத் திறந்தாள். குழந்தை பெயர் கேட்டாள், இம்பாய் என்றார். வயது ஏழு. தகப்பன் பெயர் கேட்டாள், தன் மகன் பெயரைச் சொன்னார். அவள் எழுதினாள். அடுத்த வரி தாயின் பெயர். அவள் கேட்கவில்லை. நின்ற பேனாவை அவர் பார்த்தார்.

"அவ இல்லைங்க மேடம்," என்றார். "செத்துட்டா."

அவள் தலையசைத்தாள். கண்ணில் நீர் முட்டியது, எழுத்து மங்கியது. ஆனாலும் பழகிய கை நிற்கவில்லை. மலையில் விட்டு வந்த பெயரை, அயாக் என்று எழுதினாள். பக்கத்தில் காலமானார் என்று எழுதினாள்.

தோளுக்குப் பின்னால் கிரிசந்தோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"இரு பெலி," என்றான் அவன். "அவர் அந்தப் பேரைச் சொல்லவே இல்லையே. அயாக்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சும்மாதான் கேட்டான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் லுகோயும் இரண்டு மனோபோக்காரர்களும் கோப்பையோடு நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம் சேபா காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெலிசாவுக்கோ அதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. மாமனார் எப்படி மருமகள் பெயரைச் சொல்வார்? அவர் சொல்லமாட்டார் என்பது அவளுக்கு எலும்புவரை தெரிந்திருந்தது, அதனால்தான் கை தானாக எழுதிவிட்டது. மாட்டிக்கொண்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. முகத்தில் ரத்தமெல்லாம் வந்து நின்றது. வாயைத் திறந்தாள்.

"நான்தான் சொன்னேன் தம்பி," என்றார் டத்து. "மெதுவாச் சொன்னேன். உங்க காதுல விழுந்திருக்காது."

லுகோயின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. மருமகள் பெயரை வாய்விட்டுச் சொன்ன மாமனார், அதுவும் செத்துப்போன மருமகள் பெயரை, அதுவும் ஒரு டத்து. அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மற்ற இருவரும் திருப்பிக்கொண்டார்கள். கிரிசந்தோவுக்கு இது எதுவும் தெரியவில்லை. சரி சரி என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

டத்து தாளை வாங்கி உறையில் போட்டார். நன்றி மேடம் என்றார். திருப்பிக்கொண்ட முகங்களுக்கு நடுவே, யாரிடமும் விடைபெற முடியாமல், வாசலைப் பார்த்து நடந்தார். இனி எந்த ஆற்றங்கரையிலும் அவர் பேச்சுக்குப் பழைய மதிப்பு இருக்காது. சவாத்தன் தன் மருமகள் பெயரைச் சொன்னவன் என்று மலை முழுக்கப் பேசுவார்கள்.

இல்லை, அவர் சொல்லவில்லை என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய், அத்தையோடு சேர்ந்து கோப்பைகளை வெந்நீரில் போட்டுக் கழுவினாள்.